ஒரு தாயின் ஆறு மணி நேரம்



"பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தால் என்ன, ஆலிமாம்மா?"

அண்மைக் காலமாக இக்கேள்வியைத் தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஆலத்தியூரில் குடியிருந்து, பக்கத்து ஊர் மத்ரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எனக்கு இது புதிய கேள்வியன்று. ஆயினும் கேட்பவரின் முகத்தைக் கூர்ந்து நோக்கினால், கேள்வி ஒன்றாயினும் காரணங்கள் வேறு வேறாக இருப்பது தெரியும். சிலர் பிள்ளையின் மார்க்கச் சூழல் கெட்டுவிடுமோ என்று அஞ்சிக் கேட்கிறார்கள். சிலர் பள்ளிக் கட்டணத்தை எண்ணிக் கேட்கிறார்கள். மூன்றாவது வகையினர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருப்பார். கைக்குழந்தை ஒன்று இருக்கும். கணவர் ரியாதிலோ துபாயிலோ இருப்பார். ஒற்றை ஆளாக நின்று திணறும் அத்தாய்க்கு, மூத்த பெண் வீட்டில் இருந்தால் ஒரு கை கூடுமே என்று தோன்றும். இம்மாதம் இந்த மூன்றாவது வகைச் சகோதரிகளோடுதான் பேச விரும்புகிறேன்.

வீட்டில் கற்பித்தல் என்பது நம் ஊர்த் தாய்மார்களுக்கு அறவே தெரியாத ஒன்றன்று. 2020 மார்ச்சு மாதம் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் முதல் நாளும், ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் முதல் நாளும் திறக்கப்பட்டன. இடையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வீடே பள்ளி, தாயே ஆசிரியை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும் நேரத்தில் மின்சாரம் போய்விடும். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி, சிமெண்டு ஆலைக்கோ மக்காச்சோளக் காட்டுக்கோ சென்ற தகப்பனின் சட்டைப் பையில் இருக்கும். அக்காலத்தில் எட்டாம் வகுப்பு மட்டுமே படித்த தாய்மார்கள்கூட, அடுப்படியில் அமர்ந்தபடி பிள்ளைக்கு வாய்பாடு ஒப்புவிக்கக் கற்பித்தார்கள். "நம்மாலும் முடிகிறதே" என்ற துணிவு சிலருக்கு வந்தது அப்போதுதான். அதே ஒன்றரை ஆண்டில் பள்ளியை மறந்தே போன பிள்ளைகளும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த இழப்பை ஈடுகட்டவே 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது.

வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ. படித்தவள் என்பதால், எதையும் பழைய காலத்தில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். வீட்டில் கற்பித்த தாய் என்றவுடன் உலக வரலாற்றில் முன்னே வந்து நிற்பவர்களில் ஒருவர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. சூசன்னா வெஸ்லி என்பது அவர் பெயர். நம் பத்திரிகையில் இவர் கதை எதற்கு என்று சிலர் புருவம் நெரிக்கலாம். நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் தங்கித் தமிழ் வளர்த்தாரே, ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்தவர் இவர். அந்தத் தமிழை நாம் மதம் பார்த்தா படிக்கிறோம்?

சூசன்னா 1669இல் இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தைக்கு இருபத்தைந்து பிள்ளைகள், கடைக்குட்டி இவர். 1688இல் சாமுவேல் வெஸ்லி என்ற பாதிரியாரை மணந்தார். எப்வொர்த் என்ற சிற்றூரில் குடும்பம். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். அவர்களுள் ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். எஞ்சிய பத்துப் பேரையும் வீட்டிலேயே படிக்க வைத்தார். கணவர் நல்ல படிப்பாளி. ஆனால் கைப்பணம் நிற்காதவர். 1705இல் கடனுக்காகச் சிறைக்கும் சென்றார். 1709இல் வீடு முழுவதும் தீக்கிரையாயிற்று. மேல்மாடியில் சிக்கிய ஐந்து வயது மகன் ஜானைச் சன்னல் வழியாகத்தான் இறக்கிக் காப்பாற்றினார்கள். அந்த ஜான்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தவர். சென்னை இராயப்பேட்டையின் வெஸ்லி பள்ளியும் மன்னார்குடியின் பின்லே பள்ளியும் அவ்வழியில் வந்த மிஷனாரிகள் நிறுவியவையே.

மகன் ஜான் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தாம் பிள்ளைகளை வளர்த்த முறையை 1732 ஜூலையில் ஒரு நெடிய மடலாக அத்தாய் எழுதிவைத்தார். அம்மடலால்தான் இவ்விவரங்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஐந்து வயது நிறையும் வரை பொதுவாகப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதில்லை. ஐந்து நிறைந்த மறுநாள் பாடம் தொடங்கும். முதல் நாள் வீட்டு வேலைகள் யாவும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்படும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை எவரும் அந்த அறைக்குள் வரலாகாது. அந்த ஆறு மணி நேரத்தில் பிள்ளை எழுத்துகள் அனைத்தையும் கற்றுவிடும். இரு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்றாம். அதற்கு மறுநாள் அரிச்சுவடி இல்லை, படப் புத்தகம் இல்லை. நேரே வேதப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்தார்.

நாள்தோறும் அதே ஆறு மணி நேரம். இடையில் எழுந்து ஓடுதல் கூடாது. மூத்த பிள்ளை கடைசிப் பிள்ளையை அழைத்து வைத்து வேதம் வாசித்துக் காட்டும். இரண்டாம் பிள்ளை அடுத்ததை. தாய் ஒருத்தி பத்துப் பேருக்கும் தனித்தனியே உட்கார முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். அதை நம் சகோதரிகள் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும். எந்தப் பெண்பிள்ளையும் நன்றாகச் சரளமாக வாசிக்கக் கற்கும் முன்னர், அவளுக்குத் தையல் முதலிய கைவேலை கற்பிக்கலாகாது என்பது அவ்விதி. சீக்கிரமாகத் தைக்கப் பழக்கிவிடுவதால்தான் பெண்களுள் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அரிதாகிவிட்டனர் என்பது அவர் கருத்து. முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஏழு பெண்களைப் பெற்று வளர்த்த ஏழைப் பாதிரியாரின் மனைவி சொன்ன கருத்து இது!

சூசன்னாவின் முறை முழுவதையும் நான் மெச்சவில்லை. பிள்ளையின் பிடிவாதத்தை ஆரம்பத்திலேயே முறித்துவிட வேண்டும் என்றும், ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சி மெல்ல அழப் பழக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இதை நாம் ஏற்க முடியாது. பின்னால் நிற்கும் தாயின் குழந்தை அழும் ஒலி கேட்டுத் தொழுகையையே சுருக்கிக்கொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். மேலும் அவர் வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள். அடுப்பையும் துவைப்பையும் அவர்கள் பார்த்துக்கொண்டதால்தான் அந்த ஆறு மணி நேரம் அவருக்குக் கிடைத்தது. ஆகவே, "அந்த அம்மாவால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?" என்று எந்தக் கணவரும் இக்கட்டுரையைத் தம் மனைவியிடம் நீட்ட வேண்டாம். முதலில் ஒரு பணிப்பெண்ணுக்குச் சம்பளம் அனுப்பட்டும்.

கல்வி மட்டும் போதாது என்பதற்கும் அவ்வீட்டிலேயே சான்று உண்டு. எட்டு வயதிலேயே கிரேக்க மொழியில் வேதம் வாசித்ததாகச் சொல்லப்படும் மகள் ஹெட்டியை, 1725இல் அவருடைய மனத்துக்கு ஒவ்வாத ஒருவருக்கு மணமுடித்து வைத்தார்கள். நன்றாகக் கவி புனையத் தெரிந்த அப்பெண்ணின் இல்வாழ்வு துயரத்திலேயே கழிந்தது.

ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் நான் மிகவும் விரும்புகிறேன். கணவர் நெடுநாள் இலண்டனில் தங்கியிருந்த 1711–12ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சூசன்னா ஞாயிறு மாலைகளில் தம் வீட்டாருக்குச் சமய உரைகள் வாசித்துக் காட்டினார். அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வந்து சேர, இருநூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஊரார் சிலர் முணுமுணுத்துக் கணவருக்கு எழுதினார்கள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அதே நாள்களில்தான் அவர் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையுடன் தனியே அமர்ந்து பேசும் வழக்கத்தை மேற்கொண்டார். திங்கள் ஒரு மகள், செவ்வாய் ஒரு மகள் என்று முறை. வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. பாடம் கேட்பதற்காக அன்று. பிள்ளையின் மனத்தில் இருப்பதைக் கேட்பதற்காக. பல ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட பிறகு, அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியைத் தமக்காக மீண்டும் ஒதுக்கித் தர இயலுமா என்று ஜான் தம் தாய்க்கு மடல் எழுதினார். பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் தனக்கென்று ஒரு மாலை இருந்ததை அம்மகன் மறக்கவில்லை.

நம் மரபில் இத்தகைய தாய்மார் இல்லையா? இருக்கிறார்கள். ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்த இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களின் தந்தை, மகன் குழந்தையாக இருக்கும்போதே காலமானார். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மக்காவுக்கு வந்தவர் அவர்களின் தாயார். ஆசிரியருக்குக் கட்டணம் செலுத்தவும் வகையற்ற வறுமை. பிள்ளை மற்ற மாணவர்களைப் பார்த்துக்கொள்ள, அதையே கட்டணமாக ஆசிரியர் ஏற்றுக்கொண்டார் என்பது வரலாறு. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஷிஃபா (ரலி) அவர்களை மத்ரஸாவில் படித்த பெண்கள் அறிவார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள், வீட்டிலும் பெண்கள் தைக்காவிலும் அரபுத் தமிழ் வழியாக மார்க்கம் கற்றார்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், வீட்டிலிருந்தே படித்து 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார், அதற்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை தந்தார்.

இங்கே மற்றொரு கிறிஸ்தவப் பெண்ணையும் நன்றியோடு நினைக்க வேண்டும். 1862இல் அகமதுநகரில் பிறந்த கிருபாபாய், சகோதரர்கள் படிக்கும்போது உடன் அமர்ந்து வீட்டிலேயே கற்றவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல் நலம் குன்றியதால் படிப்பை விட்டார். சாமுவேல் சத்தியநாதனை மணந்து உதகமண்டலம் சென்றபோது அவர் செய்த முதற் பணிகளுள் ஒன்று, முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியது. பெற்ற ஒரே குழந்தையையும் இழந்து, 1894இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். நம் பெண்கள் படிக்க வேண்டும் என்று அந்த நோயாளிப் பெண் கவலைப்பட்டிருக்கிறார். நாம்?

சகோதரிகளே! இப்போது உள்ளதை உள்ளபடி பேசுவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண். பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. "பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். முதல் மாதம் புத்தகத்தைத் திறந்தாள். பிறகு பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், துணி மாற்றுவதும், கஞ்சி ஊட்டுவதும், தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புவதுமாக நாள் கழிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாட்டி மௌத்தானார். அப்போது அப்பெண்ணுக்குப் பதினாறு வயது. மூன்றாண்டு இளைய தம்பி எட்டாம் வகுப்பில் அமர்ந்திருந்தான்; அவள் கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. அவள் செய்த பணிவிடைக்கு அல்லாஹ் நற்கூலி தருவான், அதில் ஐயமில்லை. ஆனால் அவளிடம் அந்தப் பணிவிடையை எவரும் கேட்டுப் பெறவில்லை, எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வீட்டுக் கல்வி என்று பெயரிட்டது பொய்.

அந்த வீட்டில் மூத்த பிள்ளை ஆணாக இருந்திருந்தால் பள்ளியை நிறுத்தியிருப்பார்களா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் நடக்கவிருப்பது கல்வியா, வேலைக்கு ஆள் பிடிப்பதா என்பது விளங்கிவிடும்.

பணிவிடை யார் மீது கடமை என்பதிலும் நம்மிடையே தெளிவு இல்லை. முதுமையடைந்த பெற்றோரிடம் முகஞ்சுளிக்கும் சிறு சொல்லைக்கூட இறைமறை விலக்கியிருக்கிறது. அந்தக் கட்டளை பிள்ளைகளை நோக்கியது. கணவரின் தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கக் கடமையன்று. அது மகனின் பொறுப்பு. மருமகள் மனமுவந்து செய்தால் அது பெரும் உபகாரம், நன்மையும் உண்டு என்றே மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். இதை எழுதுவதால் மாமியார்மார் என்மீது வருந்த வேண்டாம். மருமகள் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் செய்வது உபகாரம் என்று வீடு அறிந்திருந்தால், "இன்னும் கஞ்சி வரவில்லையா?" என்று கேட்கும் தொனி மாறும், பொறுப்புள்ள மகன் வெளிநாட்டிலிருந்தாலும் தன் பங்கை எண்ணிப் பார்ப்பான்.

ஆண்களின் பங்கு என்ன என்பதை அரசே அளந்து வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், ஆண் 97 நிமிடங்களும் செலவிட்டது தெரியவந்தது. வீட்டாரைப் பராமரிப்பதில் பெண் 134 நிமிடம், ஆண் 76 நிமிடம். 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் வீட்டு வேலை 289க்கு 88 என்று வந்தது. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஈடுபட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அந்த சுன்னத்தை மிம்பரில் கேட்கும் அளவுக்கு அடுப்படியில் காண முடியவில்லை.

சபர் போயிருக்கும் கணவரால் தாயைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது, உண்மைதான். ஆனால் இஷாவுக்குப் பின் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் நேரத்தில், பதினைந்து நிமிடம் மகளின் ஆங்கில வாசிப்பையோ மகனின் கணக்கையோ கேட்கலாம். தாயிடம் நாள் தவறாமல் பேசலாம். பகலில் நான்கு மணி நேரம் உதவிக்கு வரும் பெண்ணின் கூலியைத் தனியாக அனுப்பலாம். புதிய மாடி எழுப்புவதை ஓராண்டு தள்ளிவைத்தால் இக்கூலி கிடைத்துவிடும். நம் ஊர்களில் மாடிகள் எழும் வேகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. வீட்டிலேயே கற்பிப்பதைப் பற்றி ஒப்புதலாகவும் மறுப்பாகவும் அதில் எதுவும் இல்லை. மார்க்கக் கல்வியையே முதன்மையாகப் போதிக்கும் மத்ரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று 2012இல் திருத்தம் வந்தது. சிலர் இதைக் காட்டி, "மத்ரஸாவில் சேர்த்துவிட்டால் பள்ளிப் படிப்பு தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது" என்கிறார்கள். மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: விலக்கு நிறுவனத்துக்குத் தரப்பட்டது, உங்கள் மகளுக்குக் கணக்கு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. மருந்துப் புட்டியில் எழுதியிருக்கும் அளவை வாசிக்கத் தெரியாதவள், படுத்திருக்கும் பாட்டிக்கு மருந்து கொடுப்பது எப்படி?

ஆகவே என் கருத்து இதுதான். பதினான்கு வயது வரை பள்ளி. வீட்டில் தாயின் பாடம் அதற்கு மேலாக. பஜ்ருக்குப் பின் ஓதுதல், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வாசிப்பு. இவ்விரு வேளைகளும் நம் வீடுகளில் ஏற்கனவே வகுத்து வைக்கப்பட்டிருப்பவை. தொலைக்காட்சித் தொடர்தான் இரண்டாவதைத் தின்றுகொண்டிருக்கிறது. சூசன்னாவைப் போல ஆறு மணி நேரம் நம்மால் இயலாது. ஒரு மணி நேரம் இயலும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கதவைத் தட்டலாகாது என்பதை வீடு முழுவதும் அறிந்திருக்க வேண்டும். மூத்தவள் கடைக்குட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். அது அவளுக்கும் பாடம். வாரத்தில் ஒரு நாளேனும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சிறுபொழுது ஒதுக்குங்கள். நோயாளி உள்ள வீட்டில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் போகிறவர்கள் பிள்ளைகள்தாம். கேட்டால் அம்மாவுக்குத் தொல்லை என்று அவர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

படுத்திருப்பவரையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சு நன்றாக உள்ள பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து பிள்ளை ஸூரா ஒப்புவிக்கட்டும், அவர் திருத்துவார். பேச்சுத் தடுமாறியவர் என்றால், பிள்ளை உரக்க வாசிக்கும் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு மீளவும் அது உதவக்கூடும். பகல் முழுவதும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பணிவிடையிலும் சில விவரம் வேண்டும். எழ முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். சிவந்த இடத்தைத் தேய்த்து விடாதீர்கள். அழுத்தம் படாமல் விடுங்கள். படுத்த நிலையில் கஞ்சி ஊட்டினால் புரையேறி நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடும். நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டுங்கள்.  வீடு தேடி வந்து மருந்து கொடுக்கவும், இயன்முறை மருத்துவமும் நோயணிப் பராமரிப்பும் செய்யவும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கிற்று. உங்கள் ஊர்க் கிராமச் செவிலியரிடம் நோயாளியின் பெயரைச் சொல்லிப் பதிந்துகொள்ளக் கேளுங்கள். "நம் வீட்டுக்குள் வெளியார் எதற்கு?" என்று தயங்கும் பெரியவர்கள் இருப்பார்கள். வருபவரும் பெரும்பாலும் ஒரு பெண்தான். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பதினான்கு வயதுப் பெண்ணை அந்த வேலைக்கு வைப்பது எந்த நியாயம்? முதியோருக்கான உதவி எண் 14567 இந்தியா முழுவதற்கும் பொது. அதையும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பள்ளியை விட்டு ஏற்கனவே நின்றுவிட்ட பெண்கள் உள்ள வீடுகளுக்கும் வழி உண்டு. 1989இல் நடுவண் அரசு நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கும், பதினைந்து நிறைந்து பத்தாம் வகுப்பில் தேறியவர் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிந்துகொள்ளலாம். ஒருமுறை பதிந்தால் அது ஐந்தாண்டுக்குச் செல்லும். ஒரு பருவத்தில் ஒரு பாடம், மறுபருவத்தில் இரண்டு பாடம் என்று வீட்டு நிலைமைக்கேற்ப எழுதி முடிக்கலாம். நோயாளியைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய பெண்ணுக்கு இதைவிட ஏற்ற வழி எனக்குத் தெரியவில்லை. திருமணமாகி, கைக்குழந்தையோடு இருக்கும் சகோதரிகளும் இதில் எழுதலாம். மேல் வயது வரம்பு கிடையாது. தமிழக அரசின் தனித்தேர்வர் முறையும் உண்டு. அதன் விவரங்களை மாவட்டத் தேர்வுத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியவை பிறப்புச் சான்று, ஆதார் அட்டை, இருந்தால் பள்ளி மாற்றுச் சான்றிதழ். பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும்போது மாற்றுச் சான்றிதழை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் பலர். அப்படி விட்டிருந்தால் இந்த வாரமே அந்தப் பள்ளிக்குச் சென்று கேட்டு வாங்கி, பீரோவில் நகையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.